பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

மாரி மழை தொடங்கியதும் நம் வீடுகளுக்கு அழையா விருந்தினர் பலர் வந்து சேர்கின்றனர். மாலையில் விளக்கை ஏற்றியதும் ஈசல் வந்து மொய்க்கின்றது. சுவரிலே எட்டுக் கால்களையும் விரித்தபடி சிலந்தி காட்சி தருகின்றது. குசினி மூலையிலே கரப்பொத்தான் மீசையை ஆட்டுகின்றது. இவற்றைக் கண்டதும் தும்புத்தடியைக் கையிலெடுப்பது நம்மவர் வழக்கம். நீதிமன்றிலே ஒருவனைத் தண்டிக்குமுன் அவன் யார், செய்த குற்றம் யாது, சான்று உண்டா என்று விசாரிக்கின்றோம். வீட்டிலோ விசாரணையின்றியே தீர்ப்பு வழங்கப்படுகின்றது. அதனால் நிரபராதிகள் மடிகின்றனர். அது சிறு கேடு. உண்மைக் குற்றவாளி தப்பிச்சென்று நம் பிள்ளைகளின் உயிருக்கே உலை வைக்கின்றான், அதுவே பெருங்கேடு. ஆகையால் இவ்வாரம் நம் வீட்டுப் பூச்சிகளை அடையாளங் காணுமாற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் மாணாக்கர் மனத்திற் பதிக்கவேண்டிய எளிய கணக்கொன்று உண்டு. ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என்னும் மூன்று பகுதிகளும், இரண்டு உணர்கொம்புகளும் உடையது பூச்சி. எட்டுக் கால்களும், இரண்டே பகுதியான உடலும் உடையதாய், உணர்கொம்பும் சிறகும் இல்லாதது சிலந்தி. ஆகவே சிலந்தியை ‘எட்டுக்காற் பூச்சி’ என்பது பேச்சு வழக்கேயன்றி விஞ்ஞானத்துக்கு ஒத்ததன்று. சிலந்தி பூச்சியன்று, பூச்சிகளைப் பிடித்துண்ணும் வேட்டைப் பிராணி. இவ்வேற்றுமையை அறியாமையால் நேரும் அநீதி ஒன்றை முதலிற் காண்போம்.

வயல் சூழ்ந்த ஊர்களிலிருந்து வரும் மாணவர் சிலர், மழைக்காலத்திலே கழுத்திலோ கன்னத்திலோ சூட்டுக்கோலால் இழுத்தாற்போன்ற செந்நிறத் தழும்புடன் வகுப்புக்கு வருவதுண்டு. வினவினால், “இரவு சிலந்தி பெய்துபோட்டுதாம் சேர்; ஆச்சி சொன்னவ” என்பர். வேறு சில வீடுகளில் அதனை அக்கி என்று கொண்டு அதற்குரிய பரிகாரங்களைச் செய்வர். அன்று மாலையே வீட்டிலுள்ள சிலந்திகள் ஒட்டறையோடு ஒழிக்கப்பட்டுவிடும். ஆனால் அடுத்த கிழமை தம்பிக்கும் அதே தழும்பு உண்டாகும். ஏன்? குற்றம் புரிந்தது சிலந்தியன்று. சிலந்தியின் கழிவு தோலைச் சுடுவதுமில்லை. அது உறங்குபவரை நக்கிச் செல்வதுமில்லை.

உண்மைக் குற்றவாளி ஒரு சிறு வண்டு. நீளம் ஏறக்குறைய 7 முதல் 10 மில்லிமீற்றர் வரையிலிருக்கும். தலை கறுப்பு, மார்பு செம்மஞ்சள், அதன்பின் நீலமும் பச்சையும் கலந்து மினுங்கும் குறுகிய சிறகுறை, பிறகு மீண்டும் செம்மஞ்சள், வால்நுனி கறுப்பு. வேகமாக ஓடுங்கால் எறும்பென்றே மயங்குவோம். விஞ்ஞானிகள் இதனைப் பீடெரஸ் என்னும் இனத்திற் சேர்ப்பர். இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. உடலின் உள்நீரிலே பெடரின் என்னும் கொடிய நஞ்சை வைத்திருக்கின்றது. விளக்கொளியை நாடி வந்து நம் கழுத்திலே ஊரும்போது, தூக்கக் கலக்கத்தில் அதனை அடித்து நசுக்கித் தேய்த்துவிடுகின்றோம். நஞ்சு எவ்வழியே தேய்க்கப்பட்டதோ அவ்வழியே கோடாகத் தழும்பு எழும்புகின்றது. அதுவும் உடனே அன்று. பெரும்பாலும் ஒரு நாள் கழித்தே எழும்புகின்றது. அதற்குள் வண்டை மறந்துவிடுவோம். சுவரிலே நிற்கும் சிலந்தியே கண்ணிற் படும். பழி அதன்மேல் விழுகின்றது.

இதனை அறிந்தபின் பரிகாரம் மிக எளிது. உடலில் இவ்வண்டு ஊர்ந்தால் அடியாதீர்கள். ஊதிவிடுங்கள், அன்றேல் ஒரு தாளில் ஏறவிட்டு அகற்றுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சவுக்காரமிட்டு நன்றாகக் கழுவுங்கள். அந்தக் கையாற் கண்ணைக் கசக்காதீர்கள். கண்ணிற் பட்டால் வைத்தியரிடஞ் செல்லுங்கள். மழைக்காலத்து இரவுகளில் வேண்டாத விளக்கை அணைத்து, நுளம்பு வலையினுள் உறங்குதலே சிறந்த காப்பு. வயலிலோ இவ்வண்டு நெற்பயிரின் பகைப்பூச்சிகளை உண்டு கமக்காரனுக்கு உதவுகின்றது. ஆகவே அதனையும் பூண்டோடு அழிக்க முற்படவேண்டியதில்லை.

இனி, பழி நீங்கிய சிலந்தியைப் பார்ப்போம். இரவிலே சுவரில் வலையின்றித் தட்டையாகப் பரந்து நிற்கும் பழுப்புநிறப் பெருஞ்சிலந்தியைக் கண்டு அஞ்சாத தாய்மார் அரியர். சிலவேளை அது வெள்ளை வில்லை போன்ற ஒன்றை வயிற்றின்கீழ் அணைத்துக்கொண்டு செல்லும். அது முட்டைப் பை. இச்சிலந்தி வலை பின்னி இரைக்காகக் காத்திராது, ஓடிப் பிடிக்கும். அதன் விருப்பமான உணவு கரப்பொத்தான். மனிதரைக் கண்டால் ஒதுங்கி ஓடுமேயன்றி எதிர்த்து வாராது. கூலி கேளாத இந்தக் காவற்காரனை ஒரு போத்தலால் மூடி, அடியிலே ஓர் அட்டையைச் செருகி, வெளியே விட்டுவிடலாம். கூரைமூலையில் வலை கட்டும் மெலிந்த காற் சிலந்திகளும் தீங்கற்றவையே. ஒட்டறையைத் துடைப்பது வீட்டழகின் பொருட்டேயன்றி உயிருக்கு அஞ்சியன்று.

ஆயினும் ஒரு விதிவிலக்கு உண்டு. புலிமுகச் சிலந்தி என வழங்குவது மயிரடர்ந்த பெருவுடலும் தடித்த கால்களும் உடையது. முன்னங்கால்களைத் தூக்கிக் காட்டும்போது அடிப்புறத்தில் மஞ்சட் பட்டை தெரியும். இது மரப்பொந்துகளில் வாழ்வது; மரங்கள் அருகியபோது பழைய கட்டடங்களுக்குள்ளும் புகுகின்றது. வடபகுதியில் மாங்குளத்தை அண்டிக் கண்டெடுக்கப்பட்ட இவ்வினத்தின் புதிய வகையொன்று 2012ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்யப்பட்டது. கால்களை விரித்தால் அதன் அகலம் 20 சென்ரிமீற்றர் அளவினது. இவ்வினச் சிலந்தி கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகலாம். கடியுண்டவர் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். விறகுக் குவியலிலும் ஓலை அடுக்கிலும் வெறுங்கையை நுழைக்காதிருந்தாற் பெரும்பாலும் தப்பலாம்.

இவ்வளவு அச்சத்தையும் சிலந்திமேற் செலுத்தும் நாம், உண்மையில் அஞ்சவேண்டிய ஒன்றைக் கையால் விசிறிவிட்டுப் பேசாதிருக்கின்றோம். அதுதான் நுளம்பு. இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மாத்திரம் 186,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவாயிற்று. நூற்றுக்கணக்கானோர் உயிர் துறந்தனர். அதனைப் பரப்பும் நுளம்பு கறுத்த உடலில் வெள்ளைப் புள்ளிகளும் கால்களில் வெள்ளை வளையங்களும் உடையது. பகலிலே, சிறப்பாகக் காலையிலும் மாலையிலும், கடிப்பது. இது சாக்கடையிற் பிறப்பதன்று; தெளிந்த நீரிற் பிறப்பது. ஆகவே அயலவனின் வாய்க்காலைக் குறைகூறுமுன் நம் முற்றத்தைப் பார்க்கவேண்டும். சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய ரயர், பூச்சாடியின் கீழ்த்தட்டு, கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்து நீர்த்தட்டு, கோழிக்கு நீர்வைக்கும் சட்டி ஆகிய யாவும் அதன் பிள்ளைத்தொட்டில்கள்.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இந்நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்புறத்தில் முட்டைகளை ஒட்டவைக்கின்றது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மறுபடி நீர் நிறைந்ததும் பொரிக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தும்பினால் உரஞ்சித் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு நம் வெப்பத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் செல்லும். ஆகையால் வாரத்துக்கு ஒருமுறை இதனைச் செய்பவர் வீட்டில் ஒரு தலைமுறையும் நிறைவுறாது. புகையடித்தல் பறக்கும் நுளம்பைக் கொல்லும். நீரிலுள்ள புழுவையும் ஓரத்தில் ஒட்டிய முட்டையையும் தொடாது. புகைவண்டி வந்து போயிற்று என்று நிம்மதியாக உறங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அஸ்பிரின், இபுபுறூபன் முதலியவற்றைத் தாமாகக் கொடுத்தல் ஆகாது. டெங்குவாயின் அவை இரத்தக்கசிவைப் பெருக்கும். காய்ச்சல் தணிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எண்ணுவதும் தவறு. டெங்கு நோயில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்துத் தொடங்கும் வேளையாதல் கூடும். அவ்வேளையில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எல்லா நுளம்பும் ஒன்றல்ல என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியபோது, அக்குட்டைகளிற் பெருகிய அனோபிலிஸ் நுளம்பு பரப்பிய மலேரியாவால் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். பின்னர் நிகழ்ந்த பெருமுயற்சியால் 1963இல் நோயாளர் தொகை 17ஆகக் குறைந்தது. கண்காணிப்புத் தளர்ந்தது; அத்தசாப்தத்தின் இறுதியிலேயே நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. நீண்ட உழைப்பின்பின் 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அவ்வாண்டின் முடிவிலேயே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. மலேரியாவைப் பரப்பவல்ல இது காட்டாற்றுக் குட்டையை நாடுவதன்று. கிணற்றையும் நீர்த்தொட்டியையும் நாடுவது. வீட்டுக்கு வீடு கிணறுடைய நமக்கு இச்செய்தி மிக முக்கியமானது. பாவனையற்ற கிணறுகளை வலையிட்டு மூடுதலும், சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி புழுவுண்ணும் சிறு மீன்களை விடுதலும் நம் கடமையாகும்.

கரப்பொத்தானுக்கு வேண்டுவன மூன்று: உணவு, நீர், ஒதுங்க ஓர் இடுக்கு. மருந்தடித்தாற் பெரியவை சாகும். கடினமான உறையினுள் இருக்கும் முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். சில வாரங்களின்பின் குஞ்சுகள் படையெடுக்கும். ஆகவே இரவு படுக்குமுன் எச்சிற் பாத்திரங்களைக் கழுவி வைத்தல், கழுநீர்க் குழாயின் ஒழுக்கைத் திருத்தல், வடிகால் வாயை மூடுதல், பழைய கடதாசிப் பெட்டிகளை அகற்றுதல் ஆகியவையே நிலையான மருந்து. இலையானுக்கும் எறும்புக்கும் இதுவே பொருந்தும்.

கறையானை அறிவதிலும் மயக்கம் உண்டு. மழையின்பின் பறக்கும் ஈசல் கறையானின் சிறகு முளைத்த பருவமே. சிறகு முளைத்த எறும்பும் அவ்வாறே பறக்கும். இடை ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்து, முன்சிறகு பெரிதாகவும் பின்சிறகு சிறிதாகவும் இருப்பின் அது எறும்பு. இடை தடித்து, உணர்கொம்பு நேராகி, நான்கு சிறகுகளும் ஒத்த அளவினவாயின் அது கறையான். வீட்டினுள்ளிருந்தே ஈசல் புறப்படுமாயின் நிலத்தடியிலோ மரத்திலோ கூடு உண்டென்பது பொருள். சுவரில் ஏறும் மண்குழாயைத் தேடுங்கள். மரத்தை நிலத்தோடும் ஈரத்தோடும் தொடரவிடாதிருத்தலே முதற் காப்பு. நம் முன்னோர் முற்றிய பனைமரத்தின் வயிரத்தைக் கைமரமாக்கியது கறையான் அதனை எளிதில் அரியாது என்பதறிந்தே. நூல்களை அரிக்கும் இராமபாணப் பூச்சியும் ஈரத்தையும் இருளையுமே நாடுவது. புத்தக அலுமாரியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வைத்து, நூல்களை இடையிடையே எடுத்துத் தட்டி வைப்போர்க்கு அதனால் அதிக தொல்லையில்லை.

இறுதியாக நஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் வாங்கிய மருந்தில் மிச்சத்தைக் குசினியிலும் படுக்கையறையிலும் தெளிக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது திறந்த வெளிக்கு உரியது; மூடிய அறையில் அதனை முதலில் உட்கொள்வது தரையிலே தவழும் குழந்தையே. அம்மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது அதனினும் பெருந்தவறு. அதனை உரிய கலத்திலேயே, பெயர்ச்சீட்டுடன், வீட்டுக்குப் புறம்பாகப் பூட்டி வைத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, ஞாயிறுதோறும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். கையில் ஒரு தும்புடனும் குறிப்புப் புத்தகத்துடனும் வளவைச் சுற்றி வாருங்கள். நீர் தேங்கிய கலங்கள் எத்தனை, எவற்றிற் புழு உண்டு, அவற்றை என்ன செய்தீர்கள் என்பவற்றை எழுதுங்கள். நான்கு கிழமைகளில் அத்தொகை குறைவதை நீங்களே காண்பீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளுங்கள். நுளம்புக்கு வேலி என்பது இல்லை.