பார்சலில் போன எஞ்சின்



இதை எழுதும்போது என் மேசைமேல் ஒரு வெள்ளைப் பல்சக்கரம் இருக்கிறது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. சேலத்து வாசகர் ஒருவர் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் இதைப் படுக்கவைத்து அனுப்பியிருக்கிறார். கூடவே நாலு பக்கக் கடிதம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டு பற்களுக்கு நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிகிறது. பழுது அவ்வளவுதான். இதற்காக அவருடைய மாடல் ரயில் எஞ்சின் கடல் கடந்து போய், எட்டு மாதம் கம்பெனியில் கிடந்துவிட்டு, ‘பாகம் கையிருப்பில் இல்லை’ என்ற சீட்டோடு போன மாதிரியே திரும்பி வந்திருக்கிறது.

“பணம் போனதுகூடப் பெரிதில்லை ஐயா. என்றைக்கு வரும் என்று பேரன் கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று எட்டுத் தடவை சொல்லிவிட்டேன்” என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இரண்டு இதழ்களுக்கு முன் மாடல் ரயில்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். எந்த அளவு, எந்தத் தண்டவாளம், எங்கே வாங்கலாம் என்றெல்லாம் சொன்னோம். ஓடாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எங்கள் குறை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைத்தான் கேட்கின்றன. ஆகவே இந்த மாதம் என் பக்கம் முழுக்க அதற்குத்தான்.

முதலில் இந்தப் பல்சக்கரம். இரும்பு அச்சின்மேல் பிளாஸ்டிக் சக்கரத்தை இறுக்கி ஏற்றியிருப்பார்கள். வருஷம் போகப் போகப் பிளாஸ்டிக் சுருங்கும், அச்சு சுருங்காது. தாங்க முடியாமல் ஒருநாள் வெடித்துவிடும். வெடித்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடுவதால், அடுத்த சக்கரத்தின் பல் அங்கே வரும்போதெல்லாம் தடுக்கும். எஞ்சினை மிக மெதுவாக ஓட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு ‘டக்’, மறுபடி ஒரு சுற்று, ஒரு ‘டக்’ என்று கேட்டால் பழுது மோட்டாரில் இல்லை, இங்கேதான். நிறைய பேர் மோட்டாரைச் சந்தேகப்பட்டு எண்ணெயாக ஊற்றுகிறார்கள். அதனால் கிடைப்பது அழுக்கு மட்டும்தான்.

இது சேலத்தில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் லைஃப்-லைக் நிறுவனம் புரோட்டோ 2000 என்ற வரிசையில் விற்ற டீசல் எஞ்சின்களில் இதே பல்சக்கரங்கள் வரிசையாக வெடித்தன. அங்குள்ளவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்காரவில்லை. வேறொரு நிறுவனமான அத்தேர்ன் செய்யும் பல்சக்கரம் அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று யாரோ ஒருவர் கண்டுபிடிக்க, மற்றவர்கள் அந்த வழியில் தங்கள் எஞ்சின்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து அக்கா மகன் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்து எனக்கு ஒரு எஞ்சின் கொண்டுவந்தான். ‘ஓ-ஓ’ என்று அவர்கள் சொல்லும் அளவு. அசல் எஞ்சினில் 76-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பச்சை நிறம், பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டி. இரண்டு மாதம் ஓடியது. பிறகு வளைவில் நிற்கத் தொடங்கியது. விரலால் தட்டினால் ஓடும், அடுத்த வளைவில் மறுபடி நிற்கும். அவன் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தனுப்பினேன். தயாரித்த கம்பெனிக்கே நேராக அனுப்பிவைத்தான்.

ஏழு மாதம். முதல் மாதம் ‘கிடைத்தது’ என்று ஒரு வரி. நாலாவது மாதம் ‘வரிசையில் இருக்கிறது’ என்று ஒரு வரி. அதன்பின் நான் எழுதிய எதற்கும் பதிலில்லை. ஏழாவது மாதம் எஞ்சின் வந்தது, புது மோட்டார் போட்டிருப்பதாக ஒரு சீட்டுடன். ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் அதே வளைவில் நின்றது.

கோபம் வந்தது. அதே சமயம், ஏன் இப்படி என்று விசாரித்துப் பார்த்தபோது கோபத்தின் திசை கொஞ்சம் மாறியது. அதை வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃப்ராங்க் ஹார்ன்பி லிவர்பூலில் மெக்கானோ என்ற கட்டுமானப் பொம்மைக்குக் காப்புரிமை வாங்கியது 1901-ல். 1920-ல் அவர் பெயரில் ரயில்கள் வந்தன. அந்தக் காலத்து எஞ்சின்களைச் செய்த இடமும் பழுதுபார்த்த இடமும் ஒன்றே. பாகம் தேவையென்றால் பக்கத்து அறையில் வார்ப்பு இருக்கும். பின்னாளில் மார்கேட் என்ற கடற்கரை ஊரில் தயாராகிவந்த ஹார்ன்பி ரயில்கள், 1990-களின் பின்பாதியில் சீனாவுக்குப் போயின. இன்று பெரும்பாலான பிராண்டுகளுக்கு அதுதான் நிலை. ஒரு மாடலை ஒரே மூச்சில் சில ஆயிரம் செய்து முடிப்பார்கள். பிறகு அச்சுகளைக் கழற்றி வைத்துவிட்டு அதே இயந்திரத்தில் அடுத்த மாடல் ஏறும். உதிரி பாகம் என்பது அந்த மூச்சில் கூடுதலாகச் செய்து வைத்தது மட்டும்தான். தீர்ந்தால், அந்த மாடல் மறுபடி தயாரிப்புக்கு வரும்வரை இல்லை. வராமலே போகலாம். தொழிற்சாலையே ஆட்டம் கண்ட காலமும் உண்டு. பல பிராண்டுகளுக்கு எஞ்சின் செய்துகொடுத்த சாண்டா கான் என்ற சீனத் தொழிற்சாலை நெருக்கடியில் சிக்கி, பாக்மன் என்ற மாடல் ரயில் பிராண்டின் தாய்நிறுவனமான காடர் கைக்குப் போனது. அடுத்த சில வருஷங்களில் ஹார்ன்பி கேட்ட எஞ்சின்களே நேரத்துக்கு வந்துசேரவில்லை.

பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் சோம்பேறி அல்ல. அவர் கையில் பாகம் இல்லை. இது எனக்குப் புரிகிறது. ஆனால், பாகம் இல்லை என்று முதல் மாதமே சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் சேலத்துத் தாத்தா பேரனிடம் எட்டுத் தடவை பொய்யாகிப்போன தேதியைச் சொல்லியிருக்க மாட்டார். தாமதத்தை நான் மன்னித்துவிடுவேன். பதில் போடாமல் இருப்பதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில். தென்னிந்திய ரயில்வே தன் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து அங்கே கொண்டுவந்தது 1928-ல். எங்கள் வீட்டில் கடிகாரம் தேவைப்படவில்லை, பட்டறைச் சங்கு ஊதினால் மணி தெரியும். அப்பா அங்கே ஃபிட்டர். ஊட்டி மலை ரயிலின் எஞ்சின்கள் பொன்மலைக்குத்தான் வரும். ஸ்விட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்தவை. கெட்டுப்போன பாகத்துக்கு அங்கே எழுதிப்போட்டுக் காத்திருந்தால் மேட்டுப்பாளையத்தில் ரயில் கிளம்பாது. “ஸ்டோர்ல இல்லைன்னா லேத்துல இருக்குடா” என்பார் அப்பா. வார்த்து, கடைந்து, பொருத்தி அனுப்புவார்கள். பிற்காலத்தில் அந்த ஸ்விஸ் எஞ்சின்களின் வடிவத்திலேயே எண்ணெயில் ஓடும் புது எஞ்சின்களையும் அதே பட்டறை கட்டிக்கொடுத்தது.

எஞ்சின் இரண்டாம் தடவை நின்ற அன்று இரவு அப்பா ஞாபகம்தான். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய வெள்ளைத் துண்டை விரித்தேன். கறுப்புத் திருகாணி கீழே விழுந்தால் வெள்ளைத் துணியில்தான் தெரியும். என் மகள் செல்போன் வெளிச்சம் காட்டினாள், ஒவ்வொன்றைக் கழற்றும் முன்பும் படம் எடுத்துக்கொண்டாள். அடியில் இரண்டு திருகாணி வெளியே தெரிந்தது. மூன்றாவது, பெட்டி இணைக்கும் கொக்கிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அதைப் பார்க்காமல் இழுத்திருந்தால் மேல்கூடு உடைந்திருக்கும். கூட்டைத் தூக்கியதும் மோட்டாரின் காந்தம் என் கையிலிருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுத்தது.

உள்ளே எல்லாம் புத்தம்புதிதாக இருந்தது. மோட்டார் பளபளத்தது. தண்டவாளத்தின் 12 வோல்ட் மின்சாரம் சக்கரத்துக்கு ஏறும், சக்கரத்தின் உட்பக்கத்தை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய தகட்டுக்குப் போகும், அங்கிருந்து கம்பி வழியாக மோட்டாருக்கு. ஊசி முனையால் ஒவ்வொரு கம்பியாக மெல்லத் தொட்டு வந்தேன். கறுப்புக் கம்பியைத் தொட்டதும் அது தகட்டைவிட்டு எழுந்தது. ஈயம் பிடிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. நேர்ப்பாதையில் தொடும், வளைவில் எஞ்சின் சாயும்போது விடும். “இவ்வளவுதானாப்பா?” என்றாள் மகள். இவ்வளவுதான். சால்டரிங் வைத்து ஒட்ட இரண்டு நிமிஷம் ஆகவில்லை. நல்ல மோட்டாரைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல மோட்டாரைப் போட்டு, வளைவில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் உடனே ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டாம். வாரண்டி இருக்கும் எஞ்சினைத் திறந்தால் வாரண்டி போய்விடும். முதலில் செய்ய வேண்டியது வேறு. நான் செய்த பெரிய தவறு, கடையை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு அனுப்பியது. பிரிட்டனில் 2015-ல் வந்த நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளுக்குப் பொறுப்பு விற்ற கடைக்காரருடையது, தயாரித்தவருடையது அல்ல. முதல் 30 நாளுக்குள் என்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகும், பழுதுபார்க்க ஒரு வாய்ப்புதான் கடைக்கு. அது பலிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கவோ விலையில் குறைத்துக் கேட்கவோ உரிமை உண்டு. ஆறு மாதத்துக்குள் வந்த பழுது, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்வார்கள். அங்கே உள்ள நம் பிள்ளைகள் மூலம் வாங்குகிறவர்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வந்த வாரமே வளைவிலும் மேட்டிலும் ஓட்டிப் பாருங்கள். இங்கிருந்து பழுதுக்கு அனுப்புகிறவர்கள், அது பழுதுபார்த்துத் திரும்பும் பொருள் என்பதற்கான காகிதங்களை அனுப்பும்போதே தயார்செய்துவிடுங்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக ஏறிய நாட்டில், சொந்த எஞ்சினுக்கே மறுபடி வரி கட்டுவது கொடுமை.

வாரண்டி முடிந்த எஞ்சின் என்றால், திறப்பதற்கு முன் சக்கரங்களைப் பாருங்கள். கறுப்பாக அழுக்கு ஏறியிருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ‘எஞ்சின் செத்துவிட்டது’ என்று என்னிடம் வந்தவற்றில் பல இதிலேயே எழுந்து ஓடின.

எதுவும் செய்ய முடியாத பழுது ஒன்றும் உண்டு. மதுரையிலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். பெட்டியில் அழகாகப் பூட்டி வைத்திருந்த டீசல் எஞ்சின், பல வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் அடிச்சட்டம் வாழைப்பழம்போல வளைந்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. இந்தச் சட்டங்களை மசாக் என்னும் துத்தநாகக் கலவையில் வார்க்கிறார்கள். வார்க்கும்போது துளி ஈயம் கலந்துவிட்டால் போதும், உலோகம் உள்ளுக்குள் மெல்ல அரித்து, வீங்கி, வெடிக்கும். காரணம் போன நூற்றாண்டின் 20-களிலேயே தெரிந்த விஷயம். சுத்தமான துத்தநாகம் எடுத்தால் வராது. ஆனாலும் இன்றைக்கும் வருகிறது. இதற்கு மருந்து இல்லை ஐயா. மாற்றுச் சட்டம் தேடுவதுதான் வழி. மோட்டாரையும் மேல்கூட்டையும் மட்டும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஜெர்மனியில் கோப்பிங்கன் ஊரின் மார்க்ளின் நிறுவனம் ஒவ்வொரு எஞ்சினோடும் தரும் கையேட்டில், எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டிருக்கும். அந்த ஒரு தாள் இருந்தால், என்ன உடைந்தது என்று திருச்சியில் இருப்பவரும் துல்லியமாகச் சொல்லிவிடலாம். எஞ்சினே கடல் கடக்க வேண்டியதில்லை, ஒரு கவரில் பாகம் மட்டும் வந்தால் போதும். எல்லோரும் இதைச் செய்யலாம்.

மறுபடி சேலத்துக்கு. இந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டினால் இரண்டு நாளில் விட்டுவிடும், அதனால் ஒட்டவில்லை. வெர்னியரில் அளந்தேன். பற்கள் 16, வெளிவிட்டம் 7.2 மில்லிமீட்டர். துளையை அளந்து பயனில்லை, விரிசலால் அகன்றிருக்கிறது. கோவையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் நம் வாசகர் ஒருவர் பித்தளையில் பல் வெட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அச்சின் தடிமன் மட்டும் அவருக்குத் தெரிய வேண்டும். ஐயா, உங்களிடம் இருக்கும் அச்சை நகைக்கடையிலோ லேத் பட்டறையிலோ கொடுத்து அளந்து ஒரு கார்டு போடுங்கள். பேரனிடம் இப்போதைக்குத் தேதி எதுவும் சொல்ல வேண்டாம். தீப்பெட்டி கோவைக்குக் கிளம்பிய அன்றும், அங்கிருந்து திரும்பிய அன்றும் நானே உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்