கழுத்துக்குக் கட்டு உண்டா?

திருத்தணியில் ஒருவர் படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டால், கூடுகிற கூட்டத்தில் குறைந்தது நாலு பேராவது "புத்தூருக்குக் கொண்டு போங்கள்" என்பார்கள். எங்கள் மலைக்குப் படிகள் 365. ஆடிக் கிருத்திகையில் காவடியுடன் ஏறி இறங்கும் ஜனக் கூட்டத்தில் சிலர் இடறி விழுவது புதிதன்று. ரயிலேறி நகரியைத் தாண்டினால் புத்தூர். அதை அடுத்த ராசபாளையத்தில், கேசவராஜு என்பவர் 1881-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் எலும்புக் கட்டு வைத்தியத்தை அவருடைய வம்சத்தார் இன்றும் செய்து வருகிறார்கள். பச்சிலை, முட்டையின் வெண்கரு, துணி, மூங்கில் பத்தை, சாமக்கிரியைகள் இவ்வளவே. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கோடு பிரித்த இரண்டு ஊர்களையும் முறிந்த எலும்பு ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறது.

கட்டு வைத்தியத்தை இகழ்வது என் நோக்கமன்று. முறிந்த எலும்பை நேராக வைத்து அசையாமல் நிறுத்தினால் அது தானே கூடும்; டாக்டர் போடும் மாவுக் கட்டுக்கும் தத்துவம் அதுதான். கட்டு மிக இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு அவயவமே அழுகிப் போகக்கூடும் என்பதையும், 'புத்தூர் கட்டு' என்று பலகை தொங்கவிட்டோர் எல்லாரும் அவ்வம்சத்தார் அல்லர் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் கழுத்து விஷயம் வேறு.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியர் சென்ற ஆண்டு ஒரு காரின் பின் ஆசனத்தில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். வண்டி நின்றிருந்தபோது பின்னால் வந்த லாரி ஒன்று மோதியது. பெரிய மோதல் அல்ல, கண்ணாடிகூட உடையவில்லை. அவரும் இறங்கி, வேஷ்டியைத் தட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பிறகு தலைவலி, தோள்களில் கடுப்பு, வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் மயக்கம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை.

அவருக்குக் கிடைத்த யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. இரட்டைப் பிள்ளை பெற்ற ஓர் அம்மாளைக் கொண்டு சுளுக்கு வழிக்கச் சொன்னார் அவருடைய மாமியார். முடி வெட்டும் கடையில் தலையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினால் சரியாகிவிடும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சென்னையிலிருந்து வந்த சகோதரி மகனோ கைப்பேசியை நீட்டி, "மாமா, இதைப் பாருங்கள். இதன் பெயர் கைரோபிராக்டிக். சடக்கென்று சத்தம் வருகிறதே, எலும்பு இருப்பிடத்துக்கு வந்துவிட்டது!" என்றான்.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது எலும்பு இடம் சேர்ந்த சத்தமன்று. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில், மூட்டு சட்டென்று விரியும்போது வாயுக் குமிழி உண்டாவதால் எழுவது. விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதும் அதுவே. விரலில் எந்த எலும்பு இடம் பெயர்ந்திருந்தது?

கைரோபிராக்டிக் பிறந்தது அமெரிக்காவில். டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்த பாமர் என்பவர், 1895-இல் காது கேளாத ஒருவரின் முதுகெலும்பை அழுத்தி அவருக்குச் செவிப்புலன் திரும்பும்படி செய்ததாகக் கூறிக்கொண்டார். முள்ளெலும்பு விலகி நரம்பைத் தடுப்பதே நோய்களுக்கு மூலம் என்று சித்தாந்தமும் வகுத்தார். அந்தச் சித்தாந்தம் நிலைக்கவில்லை. கைத்திறனுக்கு மட்டும் சிறிது பயன் உண்டு: பயின்றவர் செய்தால் கழுத்துவலி ஓரளவு தணிகிறது. ஆயினும் முறையான தேகப் பயிற்சியைக் காட்டிலும் அது மேலானது என்று ருசுவாகவில்லை.

இனி ஆசிரியரின் கழுத்துக்கு நேர்ந்தது என்னவென்று பார்ப்போம். தலையின் பாரம் நாலைந்து கிலோ. தாங்குபவை ஏழு சிறு முள்ளெலும்புகள். பின்னாலிருந்து வண்டி மோதும்போது ஆசனம் உடம்பை முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கழுத்து ஒரு கணம் பாம்பு போல் வளைந்து, பிறகு தலை பின்னும் முன்னுமாக வீசப்படுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். தசையும் தசைநார்களும் மூட்டுகளும் இழுபடுகின்றன. எக்ஸ்ரே காட்டுவது எலும்பைத்தான், இவற்றையன்று. ஹரால்ட் குரோ என்ற அமெரிக்க வைத்தியர் 1928-இல் இதற்குச் 'சாட்டைச் சொடுக்கு' என்று பொருள்படும் 'விப்லாஷ்' என்னும் பெயரைப் பிரயோகித்தார். அசைவைக் குறிக்கவே சொன்னேன், அதை வியாதியின் பெயராக்கிவிட்டார்களே என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார்.

கண்ணுக்குத் தெரியாத நோவுக்கு ஒரு சாபம் உண்டு: பிறர் நம்பமாட்டார்கள். ரயில் விபத்துகளில் தப்பியவர்களுக்கு நெடுநாள் நீடிக்கும் முதுகு வலியையும் நடுக்கத்தையும் பற்றி 1866-இல் எரிக்ஸன் என்ற லண்டன் ரண வைத்தியர் எழுதினார். நஷ்ட ஈட்டுக்காக நடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே கிளம்பிவிட்டது. நம் சரித்திர ஆசிரியருக்கோ நஷ்ட ஈடு ஒன்றும் வரப்போவதில்லை. இருந்தும் மூன்றாவது மாதத்தில் அவர் வீட்டிலேயே, "கடைக்குப் போகச் சொன்னால் கழுத்து வலிக்கும்" என்று பேச்சு எழுந்தது. அவ்வலி பொய்யன்று. அநேகருக்குச் சில வாரங்களில் குணமாகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். பயமும் தூக்கமின்மையும் அதை வளர்க்கும் என்பது மெய். அதனால் வலி கற்பனை ஆகிவிடாது.

கழுத்தைச் சடக்கென்று திருப்புவதை நான் ஏன் இவ்வளவு ஆட்சேபிக்கிறேன்? மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாளங்கள் கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துவாரங்கள் வழியாகவே மேலேறுகின்றன. திடீரென்று முறுக்கினால் நாளத்தின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். இது அபூர்வந்தான். ஆனால் அடிபட்ட கழுத்தில், உள்ளே முறிவு இருக்கிறதா என்றுகூடப் பாராமல் செய்வது எவ்வளவு துணிச்சல்! புத்தூரில் வந்தாலும் டேவன்போர்ட்டிலிருந்து வந்தாலும் அதற்குச் சமாதானமில்லை. சுதேச முறை என்ற அபிமானமும் சீமைச் சரக்கு என்ற மோகமும் இவ்விஷயத்தில் ஒன்றுபோலவே கண்ணை மறைக்கின்றன.

கை கால்களில் மரத்துப் போதல், பிடி தளர்தல், நடை தள்ளாடுதல், சிறுநீர் கட்டுப்படாமை, பார்வை இரண்டாகத் தெரிதல், நாக் குழறல், இதுவரை கண்டிராத தலைவலி: இவற்றில் எது தோன்றினாலும் எண்ணெய் தேய்க்க உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விழுந்தவரோ மோதுண்டவரோ கழுத்து நோகிறது என்றால், தலையை அசைக்காமல் வைத்தே வண்டியில் ஏற்றவேண்டும். முறிவு இல்லையென்று டாக்டர் உறுதி சொன்ன பிறகோ, நேர்மாறான புத்தி தேவை. கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருப்பது தசைகளைச் சோர்வுறச் செய்யும். கனடாவின் க்வீபெக் மாகாணத்து நிபுணர் குழு 1995-இலேயே இதை வற்புறுத்தியது. மெல்ல மெல்லத் தலையைத் திருப்பிப் பழகுதல், தோள் பயிற்சி, வழக்கமான வேலை; இவையே மருந்து. இயன்முறை வைத்தியர் ஒருவரிடம் கற்றுக்கொண்டால் மிக நல்லது. சரித்திர ஆசிரியர் தினம் இரு வேளை பயிற்சி செய்து ஏழெட்டு மாதத்தில் பெரும்பாலும் தேறினார். மழை நாளில் மட்டும் இன்னும் தோளைத் தடவிக்கொள்கிறார்.

காரில் ஆசனத்தின்மேல் இருக்கும் தலைத் திண்டு தூங்குவதற்காக வைத்ததென்று பலர் எண்ணிக் கீழே அழுத்திவிடுகிறார்கள். அது தலை பின்னால் வீசப்படாமல் தடுப்பதற்காக ஏற்பட்டது. அதன் மேல் விளிம்பு காதுகளின் உச்சிக்குக் கீழே இறங்கலாகாது. தலையை ஒட்டினாற்போலவும் இருக்கவேண்டும். இன்று மாலை வண்டியை எடுக்குமுன், வீட்டில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து அவரவர் உயரத்துக்கு அதை ஏற்றிவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை.