காப்புப் பிரதி இல்லாத அமானிதம்



2023 ஆகஸ்டில் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேர்வரை ரன்சம்வெயார் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. சேர்வரை மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களை மீட்க முடியவில்லை. இணைப்பில் இருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. வெளியே தனியாக எடுத்துவைத்த பிரதி இல்லை. ஓடியதோ பழைய எக்ஸ்சேஞ்ச் 2013. புதுப்பிக்கும் திட்டம் 2021 முதலே இருந்தும் நிதியின்றித் தள்ளிப்போனது.

அரசைக் குறை சொல்வது இலேசு. நாம் எப்படி? நம்மூர்ச் சங்கங்கள், நிர்வாகங்கள் பலவற்றின் கடிதம், கணக்கு எல்லாம் ஒருவரின் ஜிமெயிலில். பாஸ்வேர்ட் அவருக்கு மட்டுமே தெரியும்.

சுனாமியில் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பறிகொடுத்து அலைந்த ஊர் நாம். நமக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்?

நிர்வாகத்துக்கென்று தனி முகவரி, இரட்டைச் சரிபார்ப்பு, பொறுப்பில் இருவர். மாதமொருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, கழற்றி, வேறு கட்டடத்தில் வையுங்கள். அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.

பொதுப் பதிவேடு அமானிதம். அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசுவோம்.