அடுத்த போர் முதலில் நம் கைபேசிக்குத்தான் வரும்

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் சிஆர்பிஎஃப் வீரர்கள் 40 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நம் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்த சிவச்சந்திரன். ஊரே துக்கத்தில் இருந்த அந்த நாட்களில்தான், சிதைந்த உடல்களின் படங்கள் "நம் வீரர்கள், பகிருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றின. அவை போலி, வெறுப்பைத் தூண்டவே பரப்புகிறார்கள், அனுப்பாதீர்கள் என்று சிஆர்பிஎஃப்பே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆட்களைப் பறிகொடுத்த படைக்கு அந்த நேரத்தில் பார்க்க வேண்டிய வேலையா இது?

பன்னிரண்டு நாளில் பாலாகோட்டில் இந்திய விமானப்படையின் தாக்குதல். இலக்கு தகர்கிறது பாருங்கள் என்று ஒரு காணொளி பறந்தது. அது ஆர்மா 2 என்கிற வீடியோ கேம்! 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போதும் இதே கூத்துதான். கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று தொலைக்காட்சிகள் நள்ளிரவில் முழங்கின. துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. கராச்சி எரிகிறது என்று நம் குழுக்களில் ஓடிய ஒரு காட்சி, அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் விழுந்த விமானத்தின் தீ. அதை அனுப்பியவர்களில் நம் தோழர்களும் உண்டு.

அப்படியானால் வருவதெல்லாம் பொய் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 இலங்கைப் போரில் எடுக்கப்பட்ட ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கைகள் பின்னால் கட்டப்பட்டு நிர்வாணமாக்கப்பட்டவர்களை, சீருடை அணிந்தவர்கள் பின்னாலிருந்து சுட்டுக் கொல்கிறார்கள். ஜோடிக்கப்பட்டது என்றது கொழும்பு. தடயவியல் வல்லுநர்களைக் கொண்டு ஆராயச் செய்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன், அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். போலிகளால் சலித்துப்போன மக்களிடம் "இதுவும் போலிதான்" என்று சொல்லித் தப்புவது கொலைகாரனுக்கு எத்தனை சுலபம்! நாம் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும் ஒவ்வொரு பொய்யும், நாளை வரும் ஒரு உண்மையான சாட்சியத்தைச் செல்லாக்காசாக்குகிறது.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. அதே 2025 மே மாதத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டதாக எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. தி வயர் செய்தித் தளமும் முடக்கப்பட்டது. கராச்சியை அழித்த தொலைக்காட்சிகள் இரவு பகலாக ஓடின.

கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர்களுக்கு வெற்றியை மட்டுமே பாடும் இந்த வழக்கம் புதிதா என்ன? ராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லும். எரிந்த ஊர்களின் கணக்கு அதில் கிடையாது. 2025 ஜூலை 27 அன்று ஆடித் திருவாதிரை விழாவுக்கு அங்கே வந்த பிரதமர், ராசேந்திரனையும் ஆபரேஷன் சிந்தூரையும் ஒரே உரையில் பேசினார். அன்று மெய்க்கீர்த்தியை வெட்டக் கல்தச்சர் வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையைச் சம்பளமில்லாமல் நாமே செய்கிறோம்.

நிறுத்துவோம். எப்படி?

போர்ச் செய்தி வந்தால் ஒரு மணி நேரம் யாருக்கும் அனுப்பாதீர்கள். இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஐந்து கையாவது மாறி வந்தது என்று பொருள். காணொளியை நிறுத்தி, பெயர்ப்பலகை எந்த மொழியில், வண்டி எண் எந்த நாட்டுடையது என்று உற்றுப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே அகப்படும். உண்மை என்று தெரிந்தால், எடுத்த தேதியோடும் இடத்தோடும் பத்திரப்படுத்துங்கள். அழிக்க ஆள் இருக்கிறது.

வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர், பெரம்பலூர், அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் – இந்தப் பத்து ஒன்றியங்களிலும் இந்தச் சரிபார்ப்பு வேலைக்கு ஒன்றியத்துக்கு ஐந்து பேர் முன்வாருங்கள். கல்லூரித் தோழர்கள் கூகுள் லென்ஸ் போன்ற கருவிகளைக் கற்றுக்கொடுக்கட்டும். மூத்த தோழர்கள் டீக்கடையிலும் நூறுநாள் வேலைத்தளத்திலும் பேசட்டும். அடுத்த போர் நமக்கு நாள் குறித்துச் சொல்லிவிட்டு வராது. இந்த மாதமே தொடங்குங்கள், தோழர்களே!