பேர் வெட்டிய பிறகு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களிலே முதுமை தொடங்கும் நாளைச் செக்றோல்தான் குறிக்கிறது. நேற்றுவரை தொழிலாளியாயிருந்தவள், பேர் வெட்டப்பட்டதும் பிள்ளைகளின் லயக் காம்பராவில் ஓர் ஓரத்தவள் ஆகிறாள்.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும், தோட்டத்தின் பங்காக 12 வீதமும் சேர்கின்றன. அதனைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் விதிக்கிறது. முப்பது ஆண்டுகள் மலையேறியவளுக்குக் கிடைப்பது 420 நாட் சம்பளம்!

குறை, இப்பணம் வரும் முறையிலேயே உள்ளது. அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் மாதந்தோறும், உயிருள்ளவரை வருகிறது. தோட்டத் தொழிலாளிக்கோ எல்லாம் ஒரே தடவை. கடைக் கடன், மகளின் கலியாணம், ஒழுகும் கூரைக்குத் தகரம் என்று அது கரைந்துவிடுகிறது. பின்னர் எஞ்சும் ஆண்டுகளை எதைக் கொண்டு கழிப்பது? ஆகவேதான் பேர் வெட்டியவளே மீண்டும் கூடை சுமந்து கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிறாள். அக்கூலியிற் சேமலாபமும் இல்லை.

அவள் பாயில் விழுந்தாலோ, பராமரிக்கும் மருமகள் பிரட்டுக்குப் போகமுடியாது. அன்றைய சம்பளமும் இல்லை. ஒருவரின் நோய் இருவரின் பட்டினியாகிறது.

சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியேனும் மாதாந்த ஓய்வூதியமாக வேண்டும்; தோட்ட வைத்தியசாலையின் கவனிப்பு லயத்து வாசல்வரை வரவேண்டும். நாடு இதனைத் தருமமாகக் கருதலாகாது. நெடுநாள் தீராத கடன் இது.