இரண்டு இன்ஜின், இரண்டு தலைவலியா?

"ஹைப்ரிட் வாங்கறவரு ரெண்டு இன்ஜினுக்குக் காசு குடுத்து ரெண்டு தலைவலிய வாங்கிட்டு வர்றாருங்க. நாலு ஊரு போய் வர்றவனுக்கு ஜெர்மன் டீசல விட்டா வேற கதி இல்லீங்க."

கோவையில் ஒரு தொழில் அமைப்பின் ஆண்டு விருந்தில் நூற்பாலை உரிமையாளர் ஒருவர் மேடையில் இப்படிச் சொன்னார். அரங்கம் கைதட்டியது. எனக்கு இது புதிய வசனம் இல்லை. கல்யாண மண்டபத்திலும் ஒர்க்‌ஷாப்பிலும் பெட்ரோல் பங்கிலும் பல ஆண்டுகளாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஜெர்மன் டீசல் செடானைக் கொடுத்துவிட்டு ஹைப்ரிட் செடானுக்கு மாறிய என்னைப் போன்றவர்களை, ஏதோ ஏமாந்துபோனவர்களைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அன்று மேடையில் அடுக்கியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அவர் சிக்கனத்திலிருந்து தொடங்கினார். டீசல் மலிவு என்ற நினைப்பு நம் நாட்டில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் வளர்ந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிய மத்திய அரசு, டீசலுக்கு 2014 அக்டோபர் வரை அதை வைத்திருந்தது. 2012 மே மாதக் கடைசியில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லாரிக்கும் பம்புசெட்டுக்கும் என்று கொடுத்த சலுகையைச் சொகுசுக் கார்க்காரர்கள் தங்கள் டேங்கில் நிரப்பிக்கொண்டார்கள். அந்தக் காலம் போய்ப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டியது. அண்மை ஆண்டுகளில் சென்னையில் இரண்டுக்கும் இடைவெளி லிட்டருக்குச் சுமார் எட்டு ரூபாய்தான். இந்த எட்டு ரூபாயைக் காட்டி ஐம்பது அறுபது லட்சத்து வண்டிக்கு நியாயம் பேசுகிறார்கள்.

மைலேஜிலும் அந்த வாதம் நிற்காது. சென்ற தலைமுறை பிஎம்டபிள்யூ 520டி, லெக்சஸ் இஎஸ் 300எச் இரண்டுக்கும் கம்பெனிகள் சொன்ன கணக்கு லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய சமம். ஆனால் டீசல் அந்தக் கணக்கை எட்டுவது, சீரான வேகத்தில் தடையில்லாமல் ஓடும்போது. அவினாசி சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஊர்ந்து போகும்போது அதே இன்ஜின் திறன் குறைந்து எண்ணெயைக் குடிக்கிறது. எந்த இன்ஜினுக்கும் அதன் உச்சத் திறன் ஒரு குறிப்பிட்ட சுமையில்தான் கிடைக்கும். டொயோட்டாவின் 2.5 லிட்டர் ஹைப்ரிட் இன்ஜின் தன் உச்சத்தில் எரிபொருளின் வெப்பத்தில் 41 சதவீதத்தை வேலையாக மாற்றுகிறது. நல்ல டீசலும் அந்த அளவில்தான் இருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், திறனோடு ஓட முடியாத நேரத்தில் ஹைப்ரிட் தன் இன்ஜினை அணைத்துவிடுகிறது. டீசல் அதிகபட்சம் சிக்னலில் நிற்கும்போது அணையும்; ஊர்ந்து போகும்போது அதற்கு அந்த வழி கிடையாது.

அடுத்தது இழுவை. ஜெர்மன் டீசலுக்கு 400 நியூட்டன் மீட்டர், இஎஸ்ஸின் பெட்ரோல் இன்ஜினுக்கு 221தான் என்று அவர் சொன்னபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது. மோட்டார் தரும் 202 நியூட்டன் மீட்டரை அவர் சொல்லவில்லை. இரண்டையும் அப்படியே கூட்டிவிட முடியாது என்பது உண்மை. ஆனால் மோட்டாரின் இழுவை சக்கரம் உருளத் தொடங்கும்போதே முழுதாகக் கிடைக்கிறது. டர்போ காற்றைத் திரட்டவும் கியர்பாக்ஸ் இறங்கவும் காத்திருக்க வேண்டியதில்லை. நூறைத் தொடுவதில் டீசல் சற்று முந்தும், முந்தட்டும்.

அந்த டீசல் உருவானது, வேக வரம்பே இல்லாத பகுதிகள் கொண்ட ஆட்டோபானுக்காக. மத்திய அரசின் 2018 அறிவிக்கை நம் நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலைகளில் கார்களுக்கு வைத்த வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். அந்த அறிவிக்கையையும் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கோவையிலிருந்து சென்னைக்குப் போகிறவர் செங்கல்பட்டைத் தாண்டியதும் பெருங்களத்தூர் வரை ஊர்ந்துதான் போகிறார். அந்த ஊர்தலின் பெரும்பகுதியில் என் வண்டியின் இன்ஜின் அணைந்தே கிடக்கும். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, பிரேக்கில் வெறும் சூடாகப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குள் போகிறது. அதே இறக்கத்தில் டீசல்காரர் பிரேக் பேடைத் தேய்க்கிறார்.

இனி அந்த "இரண்டு தலைவலி". என் பொறுமையை மிகவும் சோதித்த பேச்சு இதுதான். பானெட்டைத் திறந்து பார்க்காதவர்கள்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

டொயோட்டா, லெக்சஸ் ஹைப்ரிடின் நடுவில் இருப்பது ஒரே ஒரு கிரகப் பல்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறு பல்சக்கரங்கள், அவற்றை வளைத்து ஒரு வெளி வளையம். நடுச் சக்கரத்தில் முதல் மோட்டார். சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் இன்ஜின். வெளி வளையத்தின் பக்கம் இரண்டாவது மோட்டாரும் ரோட்டில் உருளும் சக்கரங்களும். பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கின்றன. முதல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான விகிதம் தானாக மாறிவிடும். மாற்றிப் போட கியரே கிடையாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸிலிருந்து அடிப்படை இதுவே. இந்தத் தொழில்நுட்பத்தைப் "புதுசு, நம்ப முடியாது" என்று இன்னும் சொல்கிறார்கள்.

இதனால் வண்டியில் என்னென்ன இல்லாமல் போகிறது என்று பாருங்கள். கிளட்ச் இல்லை. டார்க் கன்வெர்ட்டர் இல்லை. எட்டு ஒன்பது கியர்களும் அவற்றை மாற்றும் கிளட்ச் தட்டுகளும் இல்லை. இன்ஜினை முதல் மோட்டாரே சுழற்றிக் கிளப்புவதால் ஸ்டார்ட்டர் இல்லை. ஆல்டர்னேட்டர் இல்லை. ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் அதற்கு பெல்ட் இல்லை. டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை. யூரியா டேங்க் இல்லை, அதைப் பீய்ச்சும் ஊசியும் இல்லை. டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இல்லை.

டீசலில் இவை ஏறக்குறைய அத்தனையும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நாள் பழுதாகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பில் வரும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயினைக் கியர்பாக்ஸ் பக்கமாக வைத்தார்கள். அது தேய்ந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் தொட முடியாது. 2018-இல் தென் கொரியாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிஎம்டபிள்யூ கார்கள் தீப்பிடித்தன. அவற்றில் பெரும்பாலானவை டீசல், அதிலும் 520டி அதிகம். புகையை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் அமைப்பின் கூலரில் கூலன்ட் கசிந்து, படிந்திருந்த கரியோடு சேர்ந்து எரிந்தது. சோதனை முடிக்காத வண்டிகளை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று அந்நாட்டு அரசு தடை போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் கூலரின் வடிவமைப்பே கோளாறு என்று அரசின் விசாரணைக் குழு சொன்னது. இரட்டைத் தலைவலி யாருக்கு?

கரி ஃபில்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிபிஎஃப் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். அதில் கரி நிரம்பியதும், கூடுதலாக டீசலைப் பீய்ச்சிப் புகையை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அந்தக் கரியை எரிக்க வேண்டும். அதற்கு வண்டி நிற்காமல் பதினைந்து இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஆர்.எஸ்.புரத்திலிருந்து ரேஸ்கோர்சுக்குப் போய் வரும் வண்டிக்கு அது எங்கே வாய்க்கும்? பாதியில் நின்றுபோன ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. நான் முன்பு வைத்திருந்த ஜெர்மன் டீசலில் இந்த ஃபில்டரின் எச்சரிக்கை விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. கம்பெனி சர்வீசில் கேட்டால் ஒரே பதில்: "சார், ஒண்ணும் பயப்படாதீங்க. அவினாசி வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருங்க. ஆர்பிஎம்ம மட்டும் எறக்காம ஓட்டுங்க." வேலை எதுவும் இல்லாமல், ஃபில்டரைச் சுத்தம் செய்வதற்காகவே ஒருவர் நெடுஞ்சாலைக்குப் போய் டீசலை எரித்துவிட்டு வர வேண்டும். இதைத்தான் சிக்கனம் என்று மேடையில் புகழ்ந்தார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று நடக்கிறது. விளக்கு எரிந்து சலித்தவர்கள் வெளி ஒர்க்‌ஷாப்பில் அந்த ஃபில்டரையே பிடுங்கி எறிந்துவிட்டு, கணினியை மாற்றி எழுதி விளக்கை அணைத்துவிடுகிறார்கள். சட்டப்படி இது குற்றம். அந்தக் கார் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வெளியேறும் கரி, பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பள்ளிப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. இதைத் தெரிந்தே செய்கிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

"இப்போ வர்ற டீசல் சுத்தமானதுங்க" என்றும் சொன்னார். இதே வாக்குறுதியை உலகம் முன்பே ஒருமுறை நம்பியது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களை ஆய்வகத்திலிருந்து வெளியே எடுத்து அமெரிக்க ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. சோதனை நடப்பதை மோப்பம் பிடித்து, அப்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் அந்தக் கார்களில் இருந்தது. ரோட்டில் வரம்பைப்போல் நாற்பது மடங்கு வரை வெளியேறியது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இந்தியாவில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டன; 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆடியின் தலைவராக இருந்த ரூபர்ட் ஸ்டாட்லருக்கு 2023-இல் ஜெர்மன் நீதிமன்றமே தண்டனை அறிவித்தது. மெர்சிடிஸின் தாய்க் கம்பெனியான டைம்லர் 2020-இல் அமெரிக்காவில் இதே விவகாரத்தை முடிக்க 200 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. சுத்தமான டீசல் என்று சொல்கிறவர் இந்த வரலாற்றுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பேட்டரி போனால் பல லட்சம் என்பது அடுத்த பூச்சாண்டி. டொயோட்டா கேம்ரி ஹைப்ரிடின் பேட்டரிக்கு இந்தியாவில் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. ஹைப்ரிட் தன் பேட்டரியை ஒருபோதும் முழுக்க ஏற்றுவதுமில்லை, முழுக்க இறக்குவதுமில்லை; நடுவிலேயே வைத்துக்கொள்வதால்தான் அது நீடிக்கிறது. உரிமையாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பின் சீட்டின் அருகே பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தைப் பையையோ துணியையோ வைத்து அடைக்கக் கூடாது, அதன் ஃபில்டரை சர்வீசில் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.

பிறகு அவர், "என்ன இருந்தாலும் ஜெர்மன்காரன் இன்ஜினியரிங் வேறங்க" என்றார். கோவைக்காரர்களுக்கு ஜெர்மன் இயந்திரங்கள் மேல் இருக்கும் மதிப்பு எனக்குப் புரிகிறது. இந்த ஊரின் ஆலைகளில் ட்ரூட்ஷ்லர் கார்டிங் மெஷின்கள் உழைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அதே ஆலைகளில் நூல் சுற்றும் முராட்டா பிராசஸ் கோனர் ஜப்பானிலிருந்து வந்தது. இரவு பகலாக மூன்று ஷிப்ட் ஓடும் அந்த மெஷினை நம்பி ஏற்றுமதி ஆர்டர் எடுக்கிற நூற்பாலைக்காரர்கள், அதே ஜப்பானின் காரை மட்டும் நம்ப மறுக்கிறார்கள். டொயோட்டா கார் கம்பெனியே தறியிலிருந்து பிறந்தது. சகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கிய தானியங்கித் தறியின் உரிமத்தை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. இந்தியாவில் டொயோட்டா குழுமம் கார் ஆலை திறப்பதற்கு முன்பே கிர்லோஸ்கரோடு சேர்ந்து நூற்பு இயந்திரம் செய்யத் தொடங்கியது. பஞ்சுத் தொழில் தெரிந்த ஊரில் இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுவிற்பனையில் டீசலுக்குத்தான் மதிப்பு என்றும் ஒரு வார்த்தை வந்தது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லியிலும் சுற்றுப்புறங்களிலும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குப் பயந்து விற்ற வண்டிகள்தான் தடையில்லாச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களின் பழைய கார்ச் சந்தைக்கு வந்து மலிவு விலையில் நிற்கின்றன. ஆடி, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் மூன்றும் 2020-இல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது இந்தியாவில் டீசல் கார் விற்பதை நிறுத்திக்கொண்டன. இன்று பழைய ஜெர்மன் டீசல் செடானை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க நினைப்பவர், லிஃப்டில் ஏற்றி ஃபில்டர் உள்ளே இருக்கிறதா, இஜிஆர் கூலர் கசிகிறதா என்று பார்த்த பிறகு விலை பேசட்டும்.