காலணாப் பத்திரிகையும் கைப்பேசி வலைப்பூவும்

சொந்தமாக வலைப்பூ தொடங்க வேண்டும், எப்படி என்று கேட்டு இந்த ஆண்டில் மட்டும் நான்கைந்து பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். எல்லோரும் இருபதை ஒட்டிய வயதினர். பாதிப்பேர் எங்கள் நிலக்கோட்டை வட்டாரத்துப் பிள்ளைகள். இன்னொரு பக்கம், "இப்போது யார் வலைப்பூ படிக்கிறார்கள், ரீல்ஸ் போடுங்கள்" என்று சொல்லும் தோழர்களும் இருக்கிறார்கள். நான் முதல் கூட்டத்தின் பக்கம். தமிழ்நாட்டில் தலித் இதழ்கள் எப்படித் தொடங்கின, எப்படித் தாக்குப்பிடித்தன என்பதைத்தான் சில ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இதழ்களை நடத்தியவர்களைவிட நல்ல வழிகாட்டிகள் எனக்குத் தெரிந்து இல்லை.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். விளம்பரத்துக்கும் அச்சுக்கும் சேர்த்து ஆன செலவு 10 ரூபாய். நான்கு பக்கம். இரண்டே நாளில் 400 படிகள் விற்றன. மாத இதழாக வந்தது மூன்று மாதத்தில் வார இதழானது. அடுத்து 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அதுவும் நான்கு பக்கம்தான், விலை காலணா. இருவருமே பெரிய முதலுக்காகக் காத்திருக்கவில்லை. நம் ஆட்களோ இரண்டு மாதம் லோகோ வரைகிறார்கள், மூன்றாவது மாதம் சோர்ந்துபோகிறார்கள். பெயரைப் பற்றியும் ரொம்ப யோசிக்க வேண்டாம். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே ஒருவர் தலைப்பில் ஏற்றினார். இன்னொருவர் விலையையே பெயரில் வைத்தார்; ஓராண்டு கழித்து வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் அதை 'தமிழன்' என்று சுருக்கினார். பெயரைப் பிறகும் மாற்றலாம்.

மாற்ற முடியாதது கிழமை. தமிழன் புதன்கிழமை இதழ். 1914இல் அயோத்திதாசர் இறக்கும்வரை, ஏழு ஆண்டுகள் அவரே அதை நடத்தினார். சித்த மருத்துவம் பார்த்துக்கொண்டே, பௌத்த சங்க வேலைகளையும் செய்துகொண்டே. 'இந்திரர் தேச சரித்திரம்' என்று இன்று நாம் புத்தகமாக வாங்குவது அந்த இதழில் தொடராக வந்ததுதான். எழுத்தைப் பெரிய வேலையாக நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வாரம் முடியாவிட்டால் மாதம் இரண்டு. ஆனால் எந்த நாள் என்று வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த நாளில் வர வேண்டும்.

எதைப் பற்றி எழுதுவது? கேட்டு வந்த ஒரு தம்பி பாலஸ்தீனம், கார்ல் மார்க்ஸ், கிரிக்கெட் மூன்றும் எழுதப்போவதாகச் சொன்னார். எழுதட்டும், தப்பில்லை. ஆனால் அவரைத் தவிர வேறு யாரும் எழுத முடியாத ஒன்று இருக்கிறது: கொடைரோடு. இணையத்தில் இந்த ஊர்ப்பெயரைத் தேடினால் கொடைக்கானலுக்கு எப்படிப் போவது என்றுதான் வரும். ரயில் நிலையத்தின் பெயரே கொடைக்கானல் ரோடு. ஊர் என்பது இறங்கி ஏறுகிற இடம், அவ்வளவே. இங்கே பன்னீர் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. நிலக்கோட்டையில் பூச்சந்தை இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் கொத்து அறுப்பவர் யார், பூ பறிப்பவர் யார், எடை போடுபவர் யார், கமிஷன் கடை யார் பெயரில் இருக்கிறது என்று எந்தப் பத்திரிகையும் வாராவாரம் எழுதுவதில்லை. நிலக்கோட்டை தனித்தொகுதி என்பதைத் தேர்தல் நேரத்தில் ஒரு வரியில் சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. சுடுகாட்டுப் பாதை, ஆதிதிராவிடர் நல விடுதி, நூறுநாள் வேலைக் கூலி, சத்துணவுக்கூடம்: இதில் ஒன்றை எடுத்து ஆறு மாதம் விடாமல் எழுதுகிறவரை இந்த வட்டாரம் தேடிவந்து படிக்கும்.

வளர்ப்பது பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். முப்பது வாட்சப் குழுக்களில் சுட்டியைப் போட்டால் பார்வை எண்ணிக்கை ஏறும், மறுநாள் இறங்கும். தமிழன் பரவிய விதம் வேறு. கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று நம் மக்கள் கூலிகளாகவும் ஊழியர்களாகவும் போன இடங்களுக்கெல்லாம் அது போனது. அங்கிருந்து செய்திகளும் கேள்விகளும் திரும்பி வந்தன. இதழுக்கென்று அச்சுக்கூடம் அமைந்ததும் வாசகர்களின் உதவியால். படிப்பவர் எழுதுபவராக மாறியதுதான் அங்கே நடந்தது. ஆகவே உங்கள் பத்தாவது பதிவை நீங்கள் எழுதாதீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன அக்காவிடமோ, வளைகுடாவில் இருக்கும் மாமாவிடமோ கேளுங்கள். எழுத வராது என்றால் குரல் பதிவு அனுப்பட்டும், நீங்கள் தட்டச்சு செய்யுங்கள், அவர் பெயரில் போடுங்கள்.

பெரிய ஊடகம் கைகொடுக்கும் என்றும் இருக்க வேண்டாம். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது திலகர் நிறுவிய 'கேசரி'. கோலாப்பூர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார், இதழ் வந்தது. ஆனால் அம்பேத்கர் படிப்பைத் தொடர லண்டன் போன பிறகு சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. ஒற்றை ஆளை நம்பிய இதழ் அம்பேத்கருடையதாக இருந்தாலும் இதுதான் கதி. கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

விளம்பர வருமானம் பற்றி ஒரு வார்த்தை. சாதி ஒழிப்புக் கட்டுரையின் கீழே சாதிவாரி வரன் தேடும் தளத்தின் விளம்பரம் வந்து நிற்கக்கூடும். அந்தச் சில்லறை வேண்டாம்.

இனி வழக்கு. 'பறையன்' இதழில் வந்த ஒரு வாசகர் கடிதத்துக்காக 1896இல் சீனிவாசன் நீதிமன்றம் ஏறி 100 ரூபாய் அபராதம் கட்ட நேர்ந்தது. தொடக்கச் செலவைப் போலப் பத்து மடங்கு! கடிதம் எழுதியவர் வேறு, மாட்டியவர் ஆசிரியர். 66அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் நீக்கிவிட்டதால் இனி ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அவதூறு இன்றும் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுதினால் மனு நகல், முதல் தகவல் அறிக்கை, ரசீது ஏதாவது கையில் இருக்க வேண்டும். வெளியிடும் முன் இன்னொருவர் படிக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ, குழந்தை என்றால் பள்ளி, தெரு, உறவினர் பெயரைக்கூட எழுதக் கூடாது. இது சட்டத்துக்காக மட்டும் இல்லை. சின்ன ஊரில் "அந்தத் தெருப் பெண்" என்று சொன்னாலே போதும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்தது. 'பறையன்' இதழ்களை இன்று முழுமையாகப் படிக்க முடியாது, பெரும்பகுதி நம் கைக்கு வந்து சேரவில்லை. தமிழன் கிடைக்கிறது என்றால், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததால். அந்தப் படிகளிலிருந்துதான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வந்தது. நடுவில் 85 ஆண்டு. அந்த 85 ஆண்டில் எத்தனை பேர் அவரை அறியாமலே தமிழக அரசியல் வரலாற்றை எழுதி முடித்துவிட்டார்கள்!

முகநூலில் எழுதுவது வாடகை வீட்டில் கிணறு வெட்டுவது மாதிரி. கூட்டமாகப் புகார் கொடுத்துக் கணக்கை முடக்குகிறார்கள், ஐந்து ஆண்டு எழுத்து ஒரே இரவில் போகிறது. சொந்த முகவரி வாங்க ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகும், நான்கு பேர் பங்கு போடலாம். இல்லாவிட்டால் பிளாக்கர், வேர்ட்பிரஸ் இலவசமாகவே கொடுக்கின்றன. எதுவானாலும் மாதம் ஒருமுறை முழுவதையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவையும் இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' பக்கத்தில் சேமியுங்கள், ஒரு நிமிட வேலை. கட்டுரையைப் படமாக்கி இன்ஸ்டாகிராமில் போடும் பழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது. பார்க்க அழகுதான், தேடினால் கிடைக்காது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளும் அப்படியே. ஒருங்குறியில் எழுதுங்கள். தலைப்பில் கவித்துவம் போதும். ஊர்ப்பெயரும் ஆண்டும் இருக்கட்டும்.

முதல் பதிவுக்குப் பொருள் கேட்ட தங்கைக்கு நான் சொன்னது: அவர் படித்த ஆதிதிராவிடர் நல விடுதிக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த நிதி எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். காத்திருக்கும் நாட்களில், அந்த விடுதியில் தங்கிப் படித்த பத்துப் பேரிடம் அங்கே சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.